முதல்ல லைட்டா, முதல்ல கோரலா? சின்ன ரீஃப் டேங்க் (உப்புத் தண்ணியில கோரல், அதாவது பவளம், வளக்குற தொட்டி) வைக்கப் போறவங்களுக்கு

போன மாசம் அக்கா பையன் ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணான். "மாமா, ரீஃப் லைட்டு ஒண்ணு ஆஃபர்ல வந்திருக்கு, 165 வாட்டு, பன்னெண்டு மணியோட ஆஃபர் முடியுது, போட்டுடவா?"ன்னான். டேங்க் எத்தன லிட்டர்டான்னு கேட்டேன். ரெண்டடி டேங்க், ஒட்டக் குடுத்திருக்கேன், இன்னும் வரலன்னான். சரி, உள்ள எத விடப் போறன்னு கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மாமா, லைட்டு மொதல்ல"ன்னான்.

இந்த ஒரு எடத்துலதான் எல்லாரும் சறுக்குறாங்க, நானும் சறுக்கியிருக்கேன். நல்ல தண்ணி மீன் வளத்துட்டு மெரைன் பக்கம் வர்றவங்களுக்கு லைட்டுன்றது அழகுக்கு மாட்டுற ஒரு ஐட்டம், வெளிச்சம் ஜாஸ்தியா இருந்தா மீன் பளிச்சுன்னு தெரியும், அவ்ளோதான். ரீஃப் டேங்க்ல லைட்டுன்றது சாப்பாடு. வீட்டுக்கு யாரு விருந்துக்கு வர்றாங்கன்னே தெரியாம யாராவது உல வைப்பாங்களா? அதனால நான் இத தலகீழா சொல்லப்போறேன், மொதல்ல உள்ள யாரு இருக்கப்போறாங்கன்னு முடிவு பண்ணுங்க, லைட்டு தானா முடிவாயிடும்.

கோரல்னா என்னன்னு ஒரு நிமிஷம் பாத்துடுவோம், ஏன்னா இது புரியாம மீதி எதுவும் புரியாது. பாக்க செடி மாதிரி, சிலது தொட்டா கல்லு மாதிரி இருக்கும், ஆனா அது ஒரு விலங்கு. ஜெல்லி மீனுக்கு சொந்தக்காரன். அந்த விலங்கோட சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் பாசி குடியிருக்கு, சூசாந்தெல்லான்னு பேரு. பாசி வெளிச்சத்துல சக்கர தயார் பண்ணி கோரலுக்குக் குடுக்கும், கோரல் தன்னோட கழிவ பாசிக்கு உரமா குடுக்கும், வாடகைக்குப் பதிலா சமையல் பண்ணிப் போடுற குடித்தனக்காரன் மாதிரி. கோரலோட சாப்பாட்டுல பெரும்பங்கு இந்தக் குடித்தனக்காரன் போடுறதுதான். ஆக நீங்க லைட்டு போடுறது கோரலுக்கு இல்ல, அந்தப் பாசிக்கு.

பாசிக்கு எந்த வெளிச்சம் வேணும்? கடல்ல செவப்பு வெளிச்சம் மேல இருக்கற சில மீட்டருக்குள்ளயே கரைஞ்சு போயிடும், தெளிஞ்ச தண்ணியில ஆழமா எறங்குறது நீலம்தான். அதனால அந்தப் பாசியும் நீலத்தத் தின்னுதான் பழகியிருக்கு, சுமாரா 400லேர்ந்து 480 நானோமீட்டர் வரைக்கும் உள்ள ஊதா, நீலம்தான் அதுக்குப் பிரியாணி. ரீஃப் லைட்டெல்லாம் ஏன் நீலமா அடிக்குதுன்னா இதான் காரணம், ஷோவுக்கு மட்டும் இல்ல.

இங்கதான் பெட்டி மேல போட்டிருக்கற நம்பர் ஏமாத்தும். லூமென், லக்ஸ் ரெண்டும் மனுஷக் கண்ணுக்கு எவ்ளோ வெளிச்சமா தெரியுதுன்ற கணக்கு. நம்ம கண்ணு 555 நானோமீட்டர் கிட்ட இருக்கற பச்சைக்குத்தான் நல்லா தெறக்கும், நீலத்துக்கு மந்தம். அதனால ஒரு நீல லைட்டு நம்ம கண்ணுக்கு மங்கலா இருக்கும், ஆனா கோரல பொசுக்கிட்டு இருக்கும். வாட்டும் அப்படித்தான், அது கரண்டு பில்லுக்கான நம்பர், டேங்க்குக்கானது இல்ல. ட்யூப்லைட் காலத்துல லிட்டருக்கு இத்தன வாட்டுன்னு ஒரு கணக்கு வச்சிருந்தாங்க, எல்இடி வந்ததும் அது செல்லாக்காசாயிடுச்சு.

நமக்கு வேண்டிய நம்பர் பேரு பார் (PAR). 400லேர்ந்து 700 நானோமீட்டர் வரைக்கும் உள்ள வெளிச்சம், அதாவது ஒளிச்சேர்க்கைக்கு ஆகுற வெளிச்சம், ஒரு சதுர மீட்டர்ல ஒரு செகண்டுக்கு எத்தன மைக்ரோமோல் விழுதுன்னு அளக்குறது. யூனிட்ட மறந்துடுங்க, நம்பர மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. நடு மத்தியான வெயில்ல மொட்ட மாடியில சுமார் 2000 காட்டும். மஷ்ரூம் கோரலுக்கு 30லேர்ந்து 80 போதும். சோவாந்தஸ், லெதர் மாதிரி, கல்லு எலும்பு இல்லாத சாஃப்ட் கோரலுக்கு 60லேர்ந்து 150க்குள்ள. எல்பிஎஸ்னு சொல்ற, பெரிய சதைப்பத்தான வாயிருக்கற கல்லு கோரலுக்கு 75லேர்ந்து 150. எஸ்பிஎஸ்னு சொல்ற குச்சி குச்சியான அக்ரோபோரா வகையறாவுக்கு 200லேர்ந்து 350, அதுக்கு மேலயும் போவாங்க. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்லுவாங்க, ஆனா ஏறக்குறைய இதான் படிக்கட்டு.

இப்ப இந்தப் படிக்கட்டுல நீங்க எங்க நிக்கப் போறீங்க? புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு, அதுவும் இந்த ரெண்டடி, சுமார் 75 லிட்டர் டேங்க்ல, முதல் படியும் ரெண்டாவது படியும்தான்னு நான் அடிச்சு சொல்லுவேன். வளக்க ஈசின்றது ஒரு காரணம். இன்னொரு காரணத்த கடையில யாரும் சொல்ல மாட்டாங்க. நம்ம நாட்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972ல, கல்லு கோரல் எல்லாத்தையும் 2001ல முதல் அட்டவணையில சேத்தாங்க. புலி, யானை இருக்கற அதே அட்டவணை. கடல் விசிறி, கடல் குதிரையும் அட்டவணையில இருக்கு. அதனால மண்டபத்துலயோ தூத்துக்குடியிலயோ யாரோ எடுத்துட்டு வந்து "கம்மி விலைக்கு தர்றேன் சார்"னு சொன்னா, கைய கட்டிக்கிட்டு நகந்துடுங்க. வெளிநாட்டுலேர்ந்து வந்ததுன்னு சொன்னாலும் கல்லு கோரலுக்கு சைட்டிஸ் (அழியுற ஆபத்துல இருக்கற உயிரினங்கள விக்கறது வாங்கறதுக்கான சர்வதேச ஒப்பந்தம்) பேப்பர் வேணும், பேப்பர் காட்டுங்கன்னு கேளுங்க, பாதி பேரு அங்கயே பேச்ச மாத்திடுவாங்க. லைவ் ராக்னு கடல் கல்ல விக்கறதும் இதே கததான், அது செத்த பவளத்தோட எலும்பு. மன்னார் வளைகுடாவுல இருந்த 21 தீவுல பூவரசன்பட்டி, விலங்குசல்லி ரெண்டும் தண்ணிக்குள்ள போயிடுச்சு, சுண்ணாம்புக்காக பவளக்கல்ல வெட்டி எடுத்ததும் அதுக்கு ஒரு காரணம்னு சொல்வாங்க. அங்கேர்ந்து ஒரு கல்லு நம்ம வீட்டு ஹாலுக்கு வரணுமா என்ன. டிரை ராக், செராமிக் ராக் கிடைக்குது, பாக்டீரியா பிடிக்க நாள் ஆகும், அவ்ளோதான் குறை.

ஆக, சாஃப்ட் கோரல். எல்பிஎஸ், எஸ்பிஎஸ் பத்தி இனிமே நான் பேச மாட்டேன்.

சாஃப்ட் கோரல்னு முடிவாயிடுச்சுன்னா டேங்க் நடுவுல 100, 120 பார், ஓரத்துல 40, 50 பார் விழுந்தா ராஜ வாழ்க்கை. ரெண்டடி நீளம், ஒண்ணேகால் அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரம்னு வச்சுக்குங்க, இதுக்கு 165 வாட் லைட்டுன்றது தெரு முனை டீக்கடைக்கு ஸ்டேடியம் லைட்டு மாட்டுன மாதிரி. நான் அததான் பண்ணேன். முதல் டேங்க்ல பெரிய லைட்டு வாங்கி, முழு நூறு பர்சன்ட்ல, காலையில எட்டு மணிக்கு போட்டு ராத்திரி பத்துக்கு அணைப்பேன், கோரல் நல்லா வளரட்டும்னு. பச்ச கலர் மஷ்ரூம் நாலு வாங்கி வச்சேன், ஆள் காட்டி வெரல் அகலத்துக்கு இருந்தது ஒரு வாரத்துல சுருங்கி சட்ட பட்டன் சைஸுக்கு வந்துடுச்சு, ரெண்டாவது வாரம் வெள்ள. நான் என்ன பண்ணேன்னா, வெளிச்சம் பத்தலன்னு நெனச்சு கல்ல இன்னும் மேல தூக்கி வச்சேன்! மூணாவது வாரம் வெறும் கல்லுதான் இருந்தது. அப்புறம் ஒரு ஃப்ரெண்டு கிட்ட பார் மீட்டர் ஓசி வாங்கி அளந்தா அந்த எடத்துல 310. மஷ்ரூம் தாங்குறத விட நாலு மடங்கு.

ஏன் வெள்ளையாச்சு? வெளிச்சமோ சூடோ அளவு மீறுனா உள்ள இருக்கற பாசி ஓவர்டைம் பாத்து, விஷமா வேல செய்யுற சில ஆக்சிஜன் பொருள கக்க ஆரம்பிக்கும், கோரல் தாங்க முடியாம குடித்தனக்காரன வெளிய தள்ளிடும். கலர்ல பெரும்பங்கு குடுத்தது அவன்தான், அதனால வெள்ள. ப்ளீச்சிங்னு நியூஸ்ல வர்றது இதே விஷயம்தான், 2010லயும் 2016லயும் மன்னார் வளைகுடாவுல கடல் சூடாகி பெருசா நடந்துச்சு. வெளுத்த உடனே கோரல் சாகாது, ஆனா சமையல்காரன் இல்லாத வீடு எத்தன நாள் தாங்கும்.

கோரல் வாய் பேசாது, ஆனா உடம்பால சொல்லும். சோவாந்தஸ் கழுத்த நீட்டி நீட்டி உசரமா எட்டிப் பாத்தா வெளிச்சம் பத்தல. கல்லோட ஒட்டி குட்டையா, விரியாம கெடந்தா ஜாஸ்தி. கலர் மங்கி பழுப்பா ஆனா பெரும்பாலும் வெளிச்சம் கம்மி, இல்ல தண்ணியில நைட்ரேட், பாஸ்பேட் ஜாஸ்தி, உள்ள பாசி பெருகியிருக்குன்னு அர்த்தம். வெளுத்துட்டே வந்தா ஜாஸ்தி. லெதர் கோரல் மட்டும் விதிவிலக்கு, அது திடீர்னு ஒரு வாரம் மூடிக்கிட்டு மெழுகு பூசுன மாதிரி உக்காந்துக்கும், அப்புறம் தோல உரிச்சுப் போட்டுட்டு புதுசா விரியும். அத பாத்து பயந்து லைட்ட மாத்தாதீங்க.

சரி, லைட்டு வாங்கப் போறோம், எத பாக்கணும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனி சேனல் இருந்து, ரெண்டையும் கூட்டிக் கொறைக்க முடியணும், இது இல்லன்னா வாங்காதீங்க. டைமர் இருக்கணும். அப்புறம் பரவல். பக் (puck) லைட்டுன்னு சொல்ற, சின்ன வில்லை மாதிரி இருக்கற லைட்டு ரெண்டடிய சமாளிக்கும், ஆனா நடுவுல குவிச்சு அடிச்சு ரெண்டு ஓரமும் இருட்டா இருக்கும், அத பத்து இஞ்ச்சு உசத்தி மாட்டுனா நடுவுல அடி கொறையும், பரவல் கூடும். நீளமான பட்டை மாதிரி லைட்டு ரெண்டு போட்டா சீரா விழும், சாஃப்ட் கோரலுக்கு அதுவே எனக்குப் பிடிச்சது, ஆனா தண்ணியில சலசலன்னு ஆடுற வெளிச்சக் கோடு கிடைக்காது, அந்தக் கோட்டுக்காகவே பக் லைட்டு வாங்குறவங்க இருக்காங்க, அவங்கள நான் குறை சொல்ல மாட்டேன். மனுஷன் டேங்க் வைக்கறதே பாக்கறதுக்குத்தான.

பார் மீட்டர் விலைக்கு இன்னொரு டேங்க் வச்சுடலாம், வாங்காதீங்க. மெரைன் வச்சிருக்கற யாராவது கிட்ட ஒரு நாள் ஓசி கேளுங்க, நாலு மூலை, நடு, மேல, கீழன்னு அளந்து பேப்பர்ல வரைஞ்சு வச்சுக்குங்க. போன் ஆப்ல அளக்கலாமேன்னா, போன் அளக்குறது லக்ஸ், நீல வெளிச்சத்துல அது உளறும்.

புது லைட்ட முதல் நாளே முழுசா போடாதீங்க. முப்பது பர்சன்ட்ல ஆரம்பிச்சு வாரத்துக்கு அஞ்சு பர்சன்ட் ஏத்துங்க, கோரல் பழகிடும், நம்ம ஊரு வெயில் மாசி பங்குனின்னு படிப்படியா ஏறுறதால நாம தாங்குற மாதிரி. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், மீறிப் போனா பத்து. காலையில நீங்க ஆபீஸ் போயிட்டு சாயங்காலம் வர்றீங்கன்னா மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து ராத்திரி பத்து வரைக்கும் வச்சுக்குங்க, கோரலுக்கு வாட்ச் தெரியாது. ராத்திரி முழு இருட்டு வேணும். நிலா வெளிச்சம்னு நீல பல்ப விடிய விடிய எரிய விடாதீங்க.

கடையில கோரல் வாங்கறப்ப ஒரு விஷயம். கடைக்காரங்க வெறும் நீல லைட்டு போட்டிருப்பாங்க, எல்லாம் நியான் போர்டு மாதிரி மின்னும். கோரல் உடம்புல இருக்கற சில புரதம் நீலத்த வாங்கிக்கிட்டு பச்சையாவோ செவப்பாவோ திருப்பி விடும், அதான் அந்த மினுமினுப்பு. (மஷ்ரூம் கோரல்ல கிடைச்ச செவப்பு புரதத்த 1999லேர்ந்து உலகம் பூரா லேப்ல செல்லுக்கு கலர் அடையாளம் போட யூஸ் பண்றாங்க, அவ்ளோ பெரிய ஆளு நம்ம மஷ்ரூம்.) ஏமாத்து வேலைன்னு சொல்ல வரல, ஆனா வீட்டுல வெள்ள கொஞ்சம் கலந்து போட்டதும் "என்னங்க இது காபி கலர்ல இருக்கு"ன்னு வீட்டுல கேப்பாங்க. அதனால போன் டார்ச்ச அடிச்சு ஒரு தடவ பாத்துட்டு வாங்குங்க. வெளுத்திருக்கா, கிழிஞ்சிருக்கான்னும் அப்பதான் தெரியும்.

லைட்டு பத்தி இவ்ளோ பேசிட்டு இத சொல்றேனேன்னு நெனைக்காதீங்க, சென்னையில ரீஃப் டேங்க் செத்தா பாதி நேரம் லைட்டு காரணமே இல்ல, சூடு. தண்ணி 25லேர்ந்து 27 டிகிரியில இருக்கணும். மே மாசம் மூடின ரூம்ல டேங்க் தண்ணி சர்வசாதாரணமா 31, 32 போகும், பம்ப் சூடு, லைட்டு சூடு வேற. ஃபேன் வச்சு தண்ணி மேல காத்து அடிச்சா ரெண்டு மூணு டிகிரி எறங்கும், மதுரை, கோவைல இது நல்லாவே வேல செய்யும், சென்னையோட கசகசப்புல தண்ணி ஆவியாகவே யோசிக்கும், அதனால பெருசா எறங்காது. ஏசி ரூம்ல வைங்க, இல்லன்னா 1/10 குதிரைத்திறன் சில்லர் வாங்குங்க. அந்த 165 வாட் லைட்டுக்கு வச்சிருந்த பட்ஜெட்ட இங்க தள்ளுங்க. சின்ன லைட்டு, நல்ல சில்லர், இதான் என் கட்சி.

அடுத்த எதிரி தண்ணி. தண்ணிதான் ஆவியாகும், உப்பு ஆகாது, இந்த ஒரு வரிய டேங்க் மேல எழுதி ஒட்டலாம். 75 லிட்டர் டேங்க்ல கல்லு மண்ணு போக 60 லிட்டர்தான் தண்ணி. ஃபேன் ஓடுனா நாளைக்கு ஒண்ணரை லிட்டர் போகும். மூணு நாளு கல்யாணத்துக்கு ஊருக்கு போயிட்டு வந்தா நாலரை லிட்டர் காணோம், 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு) இருந்த உப்பு கிட்டத்தட்ட 38 ஆயிருக்கும். அதனால தினமும் வெறும் ஆர்ஓ தண்ணி டாப் அப், உப்பு தண்ணி இல்ல, வெறும் தண்ணி. வீட்டு குடிதண்ணி ஆர்ஓ மெஷின்ல டிடிஎஸ் 30, 50ன்னு மிச்சம் இருக்கும், அதுக்குப் பின்னாடி, மிச்ச உப்பப் புடிக்கிற ஒரு டிஐ ரெசின் குடுவை மாட்டி ஜீரோ ஆக்குங்க. உப்ப ரிஃப்ராக்டோமீட்டர்ல அளங்க, அதையும் 35 பிபிடி காலிப்ரேஷன் திரவம் விட்டு சரி பாருங்க. பீச்சுலேர்ந்து கேன்ல கடல் தண்ணி எடுத்துட்டு வரலாமேன்னு எல்லாரும் கேப்பாங்க, நானும் கேட்டேன். கூவம், அடையாறு கலக்குற கரையில எடுத்தா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும், போதாக்குறைக்கு ஐப்பசி கார்த்திகை மழையில வங்காள விரிகுடா கரையோரத் தண்ணியோட உப்பே கொறஞ்சு போயிடும். சால்ட் மிக்ஸ் வாங்கி கலக்குங்க. வாரத்துக்கு ஏழு லிட்டர் மாத்துனா போதும்.

இனி ஆளுங்க. முதல் ஆள் கண்ணுக்கே தெரியாத பாக்டீரியா. மீன் கழிவு அம்மோனியா ஆகும், அது விஷம். ஒரு பாக்டீரியா அத நைட்ரைட் ஆக்கும், இன்னொண்ணு அத நைட்ரேட் ஆக்கும், நைட்ரேட் அவ்ளோ மோசமில்ல. இவங்க கல்லுல குடியேற நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும், அம்மோனியா பாட்டில் வாங்கி கொஞ்சம் ஊத்தி, டெஸ்ட் கிட்ல அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஜீரோ வர்ற வரைக்கும் வெறும் கல்லையும் தண்ணியையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். இப்படி பாக்டீரியா வளக்கறதுக்கு சைக்கிள்னு பேரு, மீன விட்டு சைக்கிள் பண்ணாதீங்க, பாவம். இந்த நேரத்துல லைட்டே வேண்டாம், எரிச்சா பாசிதான் வளரும். அது முடிஞ்சதும் கல்லு மண்ணு மேல எல்லாம் காபித்தூள் தூவுன மாதிரி பழுப்பு படியும், டயாட்டம், அடுத்து பச்ச முடி மாதிரி பாசி வரும். அசிங்கமா இருக்கும், எல்லாருக்கும் வரும், தானா அடங்கும்.

பழுப்பு வந்ததும் நத்தைங்கள விடுங்க. ட்ரோக்கஸ் நாலு, மண்ணுக்குள்ள புதைஞ்சு மிச்ச சோத்த திங்குற நசாரியஸ் மூணு, போதும். டர்போ நத்தை பெருசு, புல்டோசர் மாதிரி போய் கோரல் ஒட்டுன கல்ல தள்ளி விடும். அஸ்ட்ரியா மல்லாந்துட்டா தானா எழுந்துக்காது, நீங்கதான் தெனம் போய் திருப்பி விடணும். ஹெர்மிட் நண்டு பாக்க அழகு, ஆனா வீடு புடிக்கலன்னா நத்தையக் கொன்னுட்டு ஓட்ட எடுத்துக்கும், ஹவுஸ் ஓனர கொல்ற வாடகைக்காரன். ஒண்ணு முக்கியம், டேங்க்ல காப்பர் கலந்த மருந்து ஒரு சொட்டு கூட விடக் கூடாது, நத்தை, இறால், கோரல் எல்லாம் காலி. மீனுக்கு வியாதின்னா தனி டப்பாவுல எடுத்து வச்சு பாருங்க.

மீன் எத்தன? இந்த சைஸுக்கு மூணு, கண்ண மூடிக்கிட்டு நாலு. நல்ல தண்ணியில இதே டேங்க்ல இருவது டெட்ரா விட்டவங்களுக்கு இது வயித்தெரிச்சலா இருக்கும், தெரியும். கடையில "நீமோ"ன்னு சொல்ற ஆசெல்லாரிஸ் க்ளவுன் ஜோடி ஒண்ணு, இதுதான் ஆரம்பம். டேங்க்ல குஞ்சு பொறிச்சு வளத்ததா கேட்டு வாங்குங்க, நம்ம பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழக கடல் உயிரியல் மையத்துலயே க்ளவுன் மீன் இனப்பெருக்கம் பண்ணியிருக்காங்க, கடல்லேர்ந்து புடிக்க வேண்டிய அவசியமே இல்ல. வளத்த குஞ்சு குருணை தீனி சாப்பிடும், கடல் மீன் பட்டினி கெடந்து அடம் புடிக்கும். ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசா ரெண்டு வாங்குங்க. க்ளவுன் எல்லாமே பொறக்கறப்ப பொம்பள இல்ல, ஜோடியில பெருசா இருக்கறது பொம்பளயா மாறிடும், சின்னது ஆம்பளயா அடங்கி இருக்கும், வீட்டு நிலவரம் மாதிரியேதான்னு என் மனைவி சொன்னா. மூணாவது ஒண்ண விட்டா அத துரத்தித் துரத்தியே கொன்னுடுவாங்க.

க்ளவுனுக்கு அனிமோன் (கடல் சாமந்தி) வேணுமேன்னு கேப்பீங்க. வேண்டாம், அது இல்லாமலே நல்லா வாழும், பத்து வருஷத்துக்கு மேலயும் இருக்கும். அனிமோனுக்கு சாஃப்ட் கோரல விட ஜாஸ்தி வெளிச்சம் வேணும், புது டேங்க்ல நிக்காது, எடம் புடிக்கலன்னா நடக்க ஆரம்பிச்சு போற வழியில எல்லா கோரலையும் கொட்டிட்டு கடைசியில வேவ் மேக்கர்ல, அதாவது தண்ணிய அசைச்சு விடுற பம்ப்ல, சிக்கி அரைஞ்சு தண்ணி பூரா விஷமாகும். இதுவும் லைட்டு கணக்குதான் பாருங்க, ஒரு அனிமோனுக்காக லைட்ட ஏத்துனா மஷ்ரூம் பொசுங்கும்.

மூணாவது மீனா என் ஓட்டு வாட்ச்மேன் கோபிக்கு, கூட ஒரு பிஸ்டல் இறால். இறாலுக்கு கண்ணு சரியா தெரியாது, அது நாள் பூரா மண்ண தோண்டி வெளிய தள்ளி வீடு கட்டிட்டே இருக்கும், கோபி வாசல்ல காவல் நிக்கும். இறால் வெளிய வர்றப்ப ஒரு மீசைய கோபி மேல வச்சுக்கிட்டேதான் வரும், ஆபத்துன்னா கோபி வால ஒரு ஆட்டு ஆட்டும், ரெண்டும் உள்ள போயிடும். இத பாத்துக்கிட்டு உக்காந்து எத்தன நாள் சோறு ஆறிப் போயிருக்குன்னு கணக்கே இல்ல. இவங்க தோண்டுறதால கல்ல மண்ணு மேல வைக்காதீங்க, கண்ணாடி மேல வச்சுட்டு அப்புறம் மண்ண போடுங்க, இல்லன்னா கல்லு சரிஞ்சு கண்ணாடிய ஒடச்சுடும்.

ஃபயர்ஃபிஷ் வேணும்னாலும் சரி, கோபியும் அதுவும் குதிக்கும், மேல வலை மூடி போட்டே ஆகணும், தரையில கருவாடா கெடந்தத காலையில நானே பொறுக்கியிருக்கேன். ப்ளூ டேங் கேட்டு குழந்தைங்க அழும், அது ஒரு அடி வளர்ற மீனு, ரெண்டடி டேங்க்ல விடுறது பஸ்ஸ வீட்டுக்குள்ள நிறுத்துற மாதிரி. மாண்டரின் உலகத்துலயே அழகான மீன்தான், நாள் பூரா குட்டி குட்டி உயிருங்கள பொறுக்கித் திங்கும், சின்ன டேங்க்ல அது ஒரு மாசத்துல தீந்து போயி பட்டினியில சாகும். நீல டாம்சல் விலை கம்மின்னு வாங்காதீங்க, அது ரௌடி.

மீன் விட்டு ஒரு மாசம் கழிச்சு கோரல். மஷ்ரூம் கீழ, ஓரத்துல, நிழல்ல. சோவாந்தஸ் நடு உயரம். லெதர் கோரல் நடுவுல கொஞ்சம் மேல, சுத்தி நாலு இஞ்ச்சு எடம் விட்டு, ஏன்னா அது பக்கத்துல இருக்கறவங்களுக்கு தண்ணியில ரசாயனம் விட்டு வம்பு பண்ணும், ஃபில்டர்ல ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு வைங்க. பச்ச நட்சத்திரம்னு சொல்ற ஜிஎஸ்பி அருகம்புல் மாதிரி, தனியா ஒரு கல்லுல தீவு மாதிரி வைங்க, மெயின் கல்லுல ஏறிடுச்சுன்னா உங்க பேரன் வந்தாலும் எடுக்க முடியாது. செனியான்ற சாஃப்ட் கோரலும் அப்படியே.

சோவாந்தஸ் பத்தி ஒரு எச்சரிக்கை, இத மட்டும் ரெண்டு தடவ படிங்க. அந்தக் குடும்பத்துல சில வகையில பாலிடாக்சின்னு கொடிய விஷம் இருக்கு. கையில வெட்டுக்காயம் இருந்தா தொடாதீங்க, வெட்டுறப்ப க்ளவுஸ், கண்ணாடி போடுங்க. அது ஒட்டியிருக்கற கல்ல சுத்தம் பண்றேன்னு கொதிக்கிற தண்ணியில போடவோ, பிரஷ் வச்சு தேய்க்கவோ கூடவே கூடாது, ஆவியில ஏறி வீட்டுல இருக்கற எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடும். குழந்தைங்க கைய விடாம பாத்துக்குங்க.

வாங்கிட்டு வந்த அன்னிக்கு லைட்ட அணைச்சுடுங்க. பைய அரை மணி மெதக்க விட்டு, ஏர் டியூப்ல முடிச்சு போட்டு சொட்டு சொட்டா டேங்க் தண்ணிய விட்டு ஒரு மணி நேரம் பழக்குங்க, இறால், நத்தைக்கு இது கட்டாயம். கோரல டிப் மருந்துல முக்கி ஆட்டிட்டு உள்ள விடுங்க, கூடவே வர்ற புழு, நத்தை முட்டையெல்லாம் கீழ விழும். கடை தண்ணிய டேங்க்ல ஊத்தாதீங்க. அடுத்த நாள் லைட்ட போடறப்ப பத்து பர்சன்ட் கொறச்சு போடுங்க, புதுசா வந்தவன் கடையில எந்த வெளிச்சத்துல இருந்தான்னு நமக்குத் தெரியாது இல்லியா.

கரண்டு கட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு. லைட்டு ரெண்டு நாள் எரியலன்னாலும் கோரலுக்கு ஒண்ணும் ஆகாது, தண்ணி அசையாம நின்னா சில மணி நேரத்துலயே ஆக்சிஜன் இல்லாம மீன் மேல வந்து வாயப் பொளக்கும். அதனால இன்வெர்ட்டர்ல லைட்ட மாட்டாதீங்க, வேவ் மேக்கர மாட்டுங்க.

அக்கா பையன் அந்த ஆஃபர விட்டுட்டான். டேங்க் வந்து மூணு வாரமாச்சு, ஏசி ரூம்ல வச்சிருக்கான், இப்ப கல்லும் தண்ணியும் மட்டும். டெஸ்ட் கிட் போட்டோ தெனம் அனுப்புறான், நைட்ரைட் இன்னும் ஊதா கலர்லதான் இருக்கு. நேத்து மறுபடி போன், "மாமா, பிஸ்டல் இறால் ராத்திரி டக்கு டக்குன்னு சத்தம் போடுமாமே, அம்மா பக்கத்து ரூம்லதான் படுப்பாங்க, தெரிஞ்சுடுமா?" தெரியும்டான்னேன், முதல் தடவ கேட்டப்ப கண்ணாடி விரிசல் விட்டுடுச்சுன்னு நெனச்சு நானே டார்ச் எடுத்துக்கிட்டு ஓடியிருக்கேன்.